வறண்ட ஆற்றில் மீன் எங்கிருந்து வருகிறது: சேற்றிலிருந்தா, வானத்திலிருந்தா?

புதுவெள்ளம் | மார்ச் 3, இரவு 9.10

எட்டு மாதம் வெறும் மணலாகக் கிடந்த ஆறு. வெள்ளம் வந்த ஐந்தாம் நாள் அதே இடத்தில் உள்ளங்கை அகல மீன் துள்ளுகிறது. என் கட்சி இது: முட்டை சேற்றுக்குள் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் பட்டதும் பொரிகிறது. மிச்சம் மழையோடு விழுகிறது. மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கவும்.

மடு | மார்ச் 3, இரவு 10.45

உங்கள் வாக்குமூலமே உங்கள் கட்சியைக் கவிழ்க்கிறது. ஐந்து நாளில் முட்டை பொரித்தால் கிடைப்பது கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற ஊசிக்குஞ்சு. உள்ளங்கை அகல மீன் வெள்ளத்துக்கு முன்பே எங்கேயோ நீந்திக்கொண்டிருந்த மீன். எங்கே என்பதுதான் கேள்வி.

மடு | மார்ச் 3, இரவு 11.30

மேலே சொன்னதை விரிக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரிப் படுகையை எடுத்துக்கொள்வோம். சுமார் 12 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கிருந்து ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போவதில்லை. கூப்பர் கிரீக், டயமன்டினா, ஜார்ஜினா எல்லாமே உள்நாட்டை நோக்கி ஓடி, கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் உப்பு ஏரியில் முடிகின்றன. அதுவும் போய்ச் சேர்ந்தால்தான். ஆண்டில் பெரும்பாலான நாள் அங்கே ஆறு என்று ஒன்று இல்லை, மடுக்களின் வரிசைதான் இருக்கிறது. இரண்டு மடுக்களுக்கு நடுவே சில கிலோமீட்டரும் இருக்கலாம், நூறு கிலோமீட்டரும் இருக்கலாம். நடுவில் வெடித்த களிமண்.

அந்த மடுக்களில்தான் மீன் இருக்கிறது. கோல்டன் பெர்ச், போனி பிரீம், ஸ்பாங்கிள்ட் பெர்ச், வானவில் மீன், வால்கெளுத்திகள், எல்லாம். இவற்றில் எதற்கும் காயும் முட்டை கிடையாது, சேற்றுத் தூக்கமும் கிடையாது. பறவைக்குச் சிறகு, ஆம்பலுக்குக் கிழங்கு. இந்த மீன்களுக்கு இடம்தான் உண்டு. வற்றாத மடுவில் சிக்கியவை பிழைக்கும், ஆழமில்லாத குட்டையில் சிக்கியவை நாரைக்கு.

கெளுத்தி | மார்ச் 4, காலை 6.50

மடு என்று பெயர் வைத்துக்கொண்டு மடுவுக்கே வக்காலத்து. "எதற்கும் கிடையாது" என்று ஒரே வீச்சில் முடிக்காதீர்கள். ஆப்பிரிக்க நுரையீரல் மீனை என்ன செய்யப் போகிறீர்கள்? புரோட்டோப்டெரஸ் அன்னெக்டென்ஸ் சேற்றைக் குடைந்து இறங்கி, உடம்பை மடித்துக்கொண்டு, தன் வழுவழுப்பையே கூடாக உலர்த்திக்கொள்கிறது. வாய்க்கு நேரே மட்டும் ஒரு துளை. உள்ளே இருக்கும்போது கழிவை அம்மோனியாவாக வெளியே விட வழியில்லை, அது விஷம். ஆகவே யூரியாவாக மாற்றி உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது. தண்ணீர் வந்ததும் கூடு கரைகிறது, யூரியா வெளியேறுகிறது.

மடு | மார்ச் 4, காலை 8.05

கூப்பர் கிரீக் மீன்களில் எதற்கும் கிடையாது என்றுதான் சொன்னேன். உலகம் முழுவதற்கும் சொன்னதுபோல் தொனித்தால் என் தவறு. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் அந்தக் குடும்பத்துக்கு உறவுதான், ஆனால் சேற்றில் தூங்காது. வறண்டால் செத்துப்போகும். "நுரையீரல் இருக்கிறது, ஆகவே வறட்சி தாங்கும்" என்ற கணக்கு அங்கேயே உடைகிறது.

உளுவை | மார்ச் 4, காலை 11.20

காயும் முட்டைக்கும் ஆள் இருக்கிறது. புதுவெள்ளம் முழுக்கத் தவறில்லை, மீனைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்.

ஆப்பிரிக்கக் கில்லிமீன், நோத்தோபிராங்கியஸ். மழைக்குட்டையில் பொரித்து, மொசாம்பிக்கில் உள்ள நோத்தோபிராங்கியஸ் ஃபுர்ஸெரி இரண்டே வாரத்தில் சினை பிடிக்கும் அளவுக்கு வளர்கிறது. குட்டை வற்றும்போது பெரிய மீன் எல்லாம் சாகும். முட்டை மட்டும் களிமண்ணில் தங்கும்.

அந்த முட்டை சும்மா "தூங்குகிறது" என்று சொல்வது போதாது. வளர்ச்சி மூன்று இடத்தில் நிற்க முடியும். முதல் நிறுத்தம், உயிரணுக்கள் இன்னும் கூடி உருவம் பெறாதபோது. இரண்டாவது, இதயமும் முதுகுக் கண்டங்களும் தோன்றிய பிறகு. மூன்றாவது, பொரிக்கத் தயாராகிவிட்ட நிலையில். ஒரே தாயின் முட்டைகள்கூட ஒரே நேரத்தில் இந்த நிறுத்தங்களைத் தாண்டுவதில்லை. முதல் மழை ஏமாற்று மழையாக இருந்து குட்டை பத்து நாளில் வற்றிவிட்டால், அதில் பொரித்தவை போகும். அடுத்த மழைக்கு மிச்ச முட்டை இருக்கும். விதைநெல் முழுவதையும் ஒரே நாளில் தெளிக்காத புத்தி.

மண்ணும் முக்கியம். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் பாளமாக வெடிக்கும் கரிய களிமண் அடியில் இருக்கும் குட்டைகளில்தான் இவை நிலைக்கின்றன. சிவந்த துருமண் குட்டையில் தண்ணீர் நின்றாலும் இவை இருப்பதில்லை.

மடு | மார்ச் 4, மதியம் 1.00

சரி. ஆனால் கவனியுங்கள்: உளுவை சொல்வது குட்டை, ஆறு இல்லை. ஓடும் ஆற்றின் படுகையில் அந்த முட்டைகளை முதல் வெள்ளமே மணலோடு வாரிக்கொண்டு போய்விடும். காயும் முட்டை ஓட்டமில்லாத தண்ணீருக்கான வித்தை. அதனால்தான் வறண்ட *ஆறுகளில்* அந்த வித்தை அபூர்வம்.

புதுவெள்ளம் | மார்ச் 4, இரவு 8.30

சேறு போயிற்று. வானத்தை விடமாட்டேன். நீர்ப்பறவை காலில் ஒட்டிய முட்டை?

உளுவை | மார்ச் 4, இரவு 9.40

காலில் ஒட்டி வந்தது என்பது எல்லோரும் சொல்வது. உறுதியாகக் காட்டிய சான்று இல்லை. கில்லிமீன் போன்றவை போக, மற்ற மீன்முட்டை காற்றில் காய்ந்தால் சில நிமிடம், சில மணி, அவ்வளவுதான்.

வயிற்று வழி வேறு கதை. 2020இல் வெளியான சோதனை ஒன்றில் இரண்டு வகைக் கார்ப் மீன்களின் முட்டைகளை வாத்துகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். சுமார் 0.2 சதவீதம் உயிரோடு எச்சத்தில் வெளியே வந்தன, சில பொரித்தன. அதற்கு முந்தைய ஆண்டு தென் அமெரிக்கக் கில்லிமீன் முட்டைகளை அன்னம் விழுங்கிய சோதனையில் சுமார் 1 சதவீதம் முழுதாகத் திரும்பின. ஆயிரத்துக்கு இரண்டு என்றால் அற்பம்தான். ஆனால் ஒரு கூட்டம் வாத்து, ஒரு சினைக்காலம், லட்சக்கணக்கில் முட்டை என்று பெருக்கினால் அற்பமில்லை. புதிய குளத்துக்கு ஒரு மீன் இனம் எப்படி எட்டிப் பார்த்தது என்பதற்கு இது விளக்கமாகலாம். உங்கள் ஐந்தாம் நாள் உள்ளங்கை மீனுக்கு ஆகாது.

கெளுத்தி | மார்ச் 5, காலை 7.15

மீன்மழைக்கு: ஆஸ்திரேலியாவின் தனாமிப் பாலைவன ஓரத்தில் லஜமானு என்ற சிற்றூர். 2010இலும் 2023இலும் மீன் விழுந்ததாகச் செய்தி வந்தது. கிடந்தது ஸ்பாங்கிள்ட் பெர்ச். இந்த மீன்தான் விஷயம். வேறு மீன் கிடந்திருந்தால் நானும் வானத்தைப் பார்த்திருப்பேன். இது கணுக்கால் நனையாத தண்ணீரில்கூட நீந்திப் போகும். தட்டை நிலத்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் தகடுபோல் பரவும், அதில் ஏறிவிடும். வண்டித் தடத்தில் நின்ற மழைநீர் வழியாகவே சுமார் 16 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் கடந்ததாக 1940களின் பதிவு ஒன்று உண்டு. காலையில் எழுந்து பார்ப்பவனுக்கு மண்ரோட்டில் மீன் துடிக்கும், பக்கத்தில் ஆறே இல்லை. வானத்தைத்தான் சந்தேகிப்பான்.

இதையும் முன்னொரு காலத்தில் சேற்றில் உறங்கும் மீன் என்றுதான் நம்பினார்கள். சோதித்தபோது சேறு காய்ந்ததும் செத்தது.

மடு | மார்ச் 5, காலை 9.30

ஏற்றுமீன் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. புதுத்தண்ணீர் கீழே வந்தால் மீன் மேலே ஏறும். வறண்ட ஆற்றில் அந்த ஏற்றத்தின் தூரம்தான் மிரட்டுகிறது.

இனி புதுவெள்ளத்தின் ஆற்றுக்கு வருவோம். ஐந்து நாள், ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் என்று குறைவாகவே வைத்தாலும் 100 கிலோமீட்டர். மேலும் கீழும் அந்தத் தூரத்துக்குள் வற்றாத ஒரு மடு இருந்தால் போதும். தேடுங்கள்.

புதுவெள்ளம் | மார்ச் 5, இரவு 7.50

இருக்கிறது. மேலே ஏறத்தாழ 40 கி.மீ. பாறை வளைவில். ஆனால் கோடை முடிவில் இடுப்பளவுதான் நிற்கும். அதில் எப்படி ஒரு ஆற்றுக்கு வேண்டிய மீன் பிழைக்கும்? ஒரு மடு தாங்குமா தாங்காதா என்று கணக்கிட வழி உண்டா?

மடு | மார்ச் 5, இரவு 11.10

உண்டு. இதற்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் ஆழத்தை எங்கிருந்து அளப்பது. ஓட்டம் நின்ற அன்று தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதாவது மடுவின் கீழ்க்கோடியில் தண்ணீர் வழிந்து வெளியேறும் விளிம்பு, அதுதான் பூஜ்யம். வெள்ள மட்டத்திலிருந்து அளந்த ஆழம் பயன்படாது.

அடுத்து ஆழம். மடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் போய் 10 மீட்டருக்கு ஒரு தடவை கயிற்றில் கட்டிய குண்டை இறக்குங்கள். கூர்க்குண்டு வேண்டாம், மென்சேறு அதை விழுங்கி அரை மீட்டர் பொய் சொல்லும். அகலத் தகடு அடியில் வைத்த கனம் நல்லது.

அடுத்து இழப்பு. ஒரு அளவுக்கோலை நட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படியுங்கள். வெப்ப வறண்ட நாட்டில் மழை போக நிகர இழப்பு ஆண்டுக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 4 மீட்டர் மடு என்றால் இரண்டு ஆண்டு. 3 மீட்டர் என்றால் ஒன்றரை.

அகலமான மடு அதிக நாள் தாங்கும் என்று நினைப்பது எல்லோரும் செய்யும் பிழை. ஆவியாகும் அளவு பரப்போடு கூடும், இருப்பும் பரப்போடு கூடும். மட்டம் இறங்கும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். நாள் கணக்கைத் தீர்மானிப்பது ஆழம். செங்குத்துக் கரையும் மரநிழலும் காற்றை மறைத்தால் கொஞ்சம் லாபம்.

மடு | மார்ச் 6, காலை 6.20

இரவு எழுதியதில் ஒரு ஓட்டை. கடைசிச் சொட்டு வரை மீன் பிழைக்காது. கடைசி 60 சென்டிமீட்டர் பகலில் கொதிக்கும், இரவில் மூச்சு முட்டும், பகலெல்லாம் நாரை நிற்கும். அதைக் கழியுங்கள். 3 மீட்டர் மடுவுக்கு 2.4 மீட்டர்தான் கணக்கு, அதாவது 14 மாதம். இடுப்பளவு மிஞ்சும் மடு என்றால் 90, 100 சென்டிமீட்டர். இன்னும் இரண்டு, இரண்டரை மாதம் மழை தப்பினால் முடிந்தது. உங்கள் ஆறு விளிம்பில்தான் நிற்கிறது.

கெளுத்தி | மார்ச் 6, காலை 10.00

ஆவியாதல் மட்டுமா, கசிவா, யாராவது பம்பு போட்டு இறைக்கிறார்களா என்று பிரிக்க ஒரு எளிய வழி: மின்கடத்துதிறன் மானி. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு தங்கும். கொள்ளளவு பாதியானால் கடத்துதிறன் இரட்டிப்பாக வேண்டும். கொள்ளளவு பாதியாகியும் கடத்துதிறன் ஒன்றேகால் மடங்குதான் ஆனது என்றால் உப்பும் சேர்ந்து வெளியேறியிருக்கிறது. நிலத்துக்குள் போனதோ, குழாய்க்குள் போனதோ, அது கரையில் நடந்து பார்த்தால் தெரியும்.

கூப்பர் கிரீக்கில் அளந்தபோது கசிவும் ஊற்றும் மிகக் குறைவு, போனதெல்லாம் ஆவிதான் என்று தெரிந்தது. களிமண் அடி பானை மாதிரி.

உளுவை | மார்ச் 6, மதியம் 12.40

ஆழம் இருந்தும் ஒரே இரவில் மொத்த மீனும் மிதப்பதை யார் விளக்குவார்கள்? ஆக்சிஜனை மறந்துவிட்டீர்கள்.

20 டிகிரி தண்ணீர் நிறைவாகக் கரைக்கக்கூடியது லிட்டருக்கு 9 மில்லிகிராம். 30 டிகிரியில் 7.5. சூடேற ஏற மீனின் தேவை கூடும், இருப்பு குறையும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன் திணறும். பகல் இரண்டு மணிக்கு அளந்து "நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது வீண், அப்போது பாசி ஆக்சிஜனைக் கொட்டும். விடியலுக்குச் சற்று முன் அளக்க வேண்டும். மேல்மட்டத்தில் ஒன்று, அரை மீட்டருக்கு ஒன்று, அடி வரை.

ஆழமான மடு கோடையில் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே சூடு, கீழே குளிர்ச்சியும் ஆக்சிஜன் இன்மையும். மீன் மேலடுக்கில் இருக்கும். திடீரென்று குளிர்ந்த மழையும் காற்றும் வந்தால் மேலடுக்கு குளிர்ந்து அமிழும், அடித்தண்ணீர் கலந்து மேலே வரும். மறுநாள் காலை வெள்ளையாக மிதக்கும். மழை வந்ததே என்று மகிழும் நாளில்தான் இது நடக்கும். முதல் வெள்ளம் கரையிலுள்ள சருகை எல்லாம் வாரிக்கொண்டு கறுப்பாக வந்தாலும் இதே கதி, சருகு மக்க ஆக்சிஜன் முழுக்கச் செலவாகும்.

யார் முதலில் சாவார்கள் என்பதிலும் வரிசை உண்டு. போனி பிரீம் முன்னணி, குளிரிலும் கூட்டமாகச் சாகும். வானவில் மீன் போன்ற மேல்நோக்கிய வாயுள்ளவை நீர்ப்பரப்பின் சில மில்லிமீட்டர் தோலை மட்டும் உறிஞ்சிச் சமாளிக்கும்.

மடு | மார்ச் 6, இரவு 9.15

உளுவை சொல்வது சரி, ஆழம் என்று ஒற்றைக்காலில் நின்றது என் குறுகல்.

தீனியையும் சேர்க்க வேண்டும். அந்த மடுக்களின் தண்ணீர் பால்கலந்த தேநீர் நிறம், ஒரு சாணுக்குக் கீழே வெளிச்சம் இல்லை. பிறகு அத்தனை மீன் எதைத் தின்று பிழைக்கிறது? கரையோரம், நீர்விளிம்பை ஒட்டி, குளியல் தொட்டியில் படியும் அழுக்குக்கோடு மாதிரி ஒரு பாசி வளையம். வெளிச்சம் எட்டும் அந்த ஒல்லியான வளையத்தில் விளைவதைத்தான் இறாலும் நத்தையும் மேய்கின்றன, அவற்றை மீன் தின்கிறது. மடுவின் நடுப்பகுதி ஏறத்தாழ வெற்றுவயல். கால்நடை இறங்கி விளிம்பை மிதித்துக் குழப்பினால் போவது அந்த வளையம். ஆழம் அப்படியே இருக்கும், அளவுக்கோல் எதையும் காட்டாது, மீன் மெலியும்.

புதுவெள்ளம் | மார்ச் 7, காலை 7.00

பிழைப்பது புரிகிறது. பரவுவது? வெள்ளம் போன இடமெல்லாம் மீன் பரவிவிட்டால் எல்லா ஆற்றிலும் ஒரே மீன்தானே இருக்க வேண்டும்?

கெளுத்தி | மார்ச் 7, காலை 9.45

பரவுவது என்றால் பெரும்பாலும் சாகப் போவது. 1974இல் ஏர் ஏரி நிரம்பியது. ஆறுகளோடு லட்சக்கணக்கில் மீன் போய்ச் சேர்ந்தது, பெருகியது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறியது, கரைநெடுக மீன் செத்து ஒதுங்கியது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. பெர்ச் வகைகள் அந்த அளவிலேயே தடுமாறும். கடைசி வரை தாங்கியது ஏர் ஏரி ஹார்டிஹெட் என்ற விரலளவு மீன், கடலைவிட மூன்று மடங்கு உப்பிலும் இருக்கும். இனம் பிழைப்பது கீழே போனவற்றால் இல்லை, மேலே மடுவில் தங்கியவற்றால், நேரத்தோடு திரும்பி ஏறியவற்றால்.

உளுவை | மார்ச் 7, மதியம் 2.20

எல்லா மீனும் ஏறாது, அதனால் எல்லா ஆறும் ஒன்றாகாது. கூப்பர் கிரீக்கில் மட்டும் வாழும் ஒரு கெளுத்தி இருக்கிறது. (மேலே எழுதுபவர் அல்ல.) பெரிய முட்டை, கொஞ்சம் முட்டை. பெரிய மடுக்களை விட்டு அதிகம் அலையாது. ஸ்பாங்கிள்ட் பெர்ச் நேர்மாறு, ஒரு தாய் லட்சம் முட்டை வரை இடும். கோல்டன் பெர்ச் மூன்றாவது வழி: 20 ஆண்டுக்கு மேல் வாழ்ந்து, மோசமான ஆண்டுகளைச் சும்மா கடத்தி, நல்ல வெள்ளத்தில் குஞ்சைப் பெருக்குவது.

ஃபிங்க் ஆறு சிம்ப்சன் பாலை மணலில் மறைந்துவிடுகிறது. வேறு ஆற்றோடு சேருவதே அரிது. ஆகவே அதற்கென்றே தனி உளுவை, தனி ஹார்டிஹெட். டல்ஹௌசி ஊற்றுகளில் வெந்நீரில் இன்னொரு கூட்டம். அமெரிக்க நெவாடாவில் டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக்குழியில் சுமார் 33 டிகிரி நீரில் ஒரே இனம், 2013 வசந்தத்தில் எண்ணியபோது 35 மீன். அங்கே நிலத்தடி நீரை இறைத்ததால் மட்டம் இறங்கி, சினையிடும் பாறைத்திட்டு வெளியே தெரிய, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1976இல் மீன் பக்கம் தீர்ப்பானது.

மடு | மார்ச் 7, மாலை 6.00

இன்னொரு வகையை விட்டுவிட்டோம்: முட்டையையே ஆற்றில் மிதக்கவிடுபவை. ரியோ கிராண்டேயின் வெள்ளிக் கெண்டை வெள்ளத்தில் முட்டையிடும். அது மிதந்துகொண்டே பொரிந்து, குஞ்சாகி நீந்தத் தொடங்கும் வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் பல பத்துக் கிலோமீட்டர் போய்விடும். வளர்ந்த மீன் அந்தத் தூரத்தைத் திரும்பி ஏற வேண்டும். நடுவில் ஒரு தடுப்பணை போதும். கீழே போன குஞ்சு தேக்கத்தில் அமிழ்ந்து சாகும், தப்பியது ஏறாது. மேல்துண்டில் ஆண்டுக்காண்டு மீன் குறையும், தண்ணீர் குறைவே இல்லாவிட்டாலும்.

புதுவெள்ளம் | மார்ச் 8, காலை 6.40

என் மடுவுக்கும் ஆற்றுக்கும் நடுவே முக்கால் மீட்டர் உயரத்தில் ஒரு பழைய சிமென்ட் தளம் இருக்கிறது. ரோடு கடக்கப் போட்டது.

மடு | மார்ச் 8, காலை 7.05

கீழே இறங்க அது தடையில்லை, அதனால்தான் ஐந்தாம் நாள் மீன் பார்த்தீர்கள். திரும்பி ஏறத்தான் தடை. தளம் முழுக்க மூழ்கும் அளவு வெள்ளம் எத்தனை நாள் நின்றது என்று பாருங்கள். தண்ணீர் வடியும்போது தளத்துக்குக் கீழே மீன் கூட்டமாக முட்டுகிறதா என்றும் பாருங்கள். முட்டினால், சரிவாகக் கல்லடுக்கி ஏற்றம் அமைக்கலாம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 20 மீட்டர் நீளம் என்ற சரிவு சிறு மீனுக்கும் ஒத்துவரும். உங்கள் தளத்துக்கு 15 மீட்டர்.

உளுவை | மார்ச் 8, காலை 8.30

கல்லடுக்கும் முன் கீழே என்ன மீன் இருக்கிறது என்று வலைபோட்டுப் பாருங்கள். கொசுமீன் என்று சொல்லும் அயல்மீன் கம்பூசியா இருந்தால் அந்தத் தளம்தான் உங்கள் மடுவின் கதவு. குவீன்ஸ்லாந்தின் எட்ஜ்பாஸ்டன் ஊற்றுகளில் 1990இல் கண்டுபிடித்த சிவப்புத்துடுப்பு நீலக்கண் மீன் சில சென்டிமீட்டர் ஆழ நீரில் வாழ்ந்தது. வெள்ளம் கம்பூசியாவை ஊற்றுக்கு ஊற்று கொண்டுபோய்ச் சேர்த்தது, நீலக்கண் ஊற்றுக்கு ஊற்று காணாமல் போனது.

கூண்டு வலையை அந்திக்கு முன் வையுங்கள், விடிந்ததும் தூக்குங்கள். வால்முனையை மிதவை கட்டி நீருக்கு மேலே நிறுத்துங்கள், ஆமை மாட்டினால் மூச்சுவிட வேண்டும். விடியலில் ஆக்சிஜன் 2க்குக் கீழே இருக்கும் மடுவில் வலையே வேண்டாம்.

புதுவெள்ளம் | மார்ச் 15, இரவு 8.20

தளத்துக்குக் கீழே இரண்டு இரவு வலை. கம்பூசியா இல்லை. ஐந்தாம் நாள் பார்த்த அதே உள்ளங்கை மீன் 31, எல்லாம் தளத்தை நோக்கி முட்டிக்கொண்டு. தண்ணீர் ஒரு நாளைக்கு 4 சென்டிமீட்டர் இறங்குகிறது.

மடு | மார்ச் 15, இரவு 8.35

4 சென்டிமீட்டர் ஆவியில்லை, இன்னும் வடிகிறது. கல்லடுக்க இந்த முறை நேரமில்லை. வாளியில் ஏற்றிவிட உரிய அனுமதியை இப்போதே கேளுங்கள். கிடைத்தால், அதிகாலையில், வாளிக்கு நான்கு மீனுக்கு மேல் வேண்டாம். இரண்டு தண்ணீருக்கும் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் மடுவின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரைமணி பொறுத்து விடுங்கள்.